வரிசையில் கடைசியாக நின்றவர்

கம்பவுண்டர் ரத்தத்தைக் கண்டு அரண்டு போகிற ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே கிளினிக்கில், ஒரே டாக்டரிடம் வேலை பார்த்தவர். விரல் நசுங்கி வந்தவர்களையும் மண்டை உடைந்து வந்தவர்களையும் முதலில் தாங்கிப் பிடித்து உட்காரவைத்த கை அவருடையது. அப்பேர்ப்பட்டவர், எழுபத்தொன்றாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் புரட்டி, வாஷ்பேசின் நிறையக் கறுப்பும் சிவப்புமாக வாந்தி எடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டார். குழாயைத் திறந்துவிடாதே, எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், முக்கால் லிட்டர் இருக்கும் என்றார். அந்த அம்மாளா அளப்பாள்? அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியில் ரத்த நாளங்கள் புடைத்துத் தடித்துக் கிடந்தன. அதில் ஒன்று வெடித்திருந்தது. புடைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சின்ன ரப்பர் வளையம் மாட்டி இறுக்கினார்கள், மொத்தம் ஐந்து. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் நம்மவர் செய்த முதல் காரியம், பக்கத்துக் கட்டில்காரருக்கு மருந்து வேகமாக இறங்குகிறது என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னது. நர்ஸ் முறைத்தார். ஆனாலும் போய்ச் சரி செய்தார்.

கல்லீரல் டாக்டர் ஒரு பெண். கம்பவுண்டரின் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுகிற டாக்டர் என்பதால் கம்பவுண்டருக்கு வந்த அன்றே பிடித்துப்போயிற்று. அந்த டாக்டரும் இவரிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லாமல், தொழில்காரரிடம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"கல்லீரல் முழுக்கத் தழும்பு ஏறி இறுகிப்போச்சு ஐயா. குடல்லயிருந்தும் மண்ணீரல்லயிருந்தும் வர்ற ரத்தம் எல்லாம் ஒரே பெரிய குழாய் வழியா கல்லீரலுக்குள்ள போகணும். உள்ள வழி இல்லைன்னா அது சும்மா நிக்குமா? அழுத்தம் ஏறி, கிடைச்ச சந்துல எல்லாம் புகுந்து போகுது. உங்களுக்கு அந்தச் சந்துதான் வெடிச்சுது."

கம்பவுண்டர் விடவில்லை. எதனால் வரும், என்னென்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடியால் வருவதுதான் அதிகம் என்றார் டாக்டர். உடம்பில் கொழுப்புச் சேர்ந்தும் வரும். பிறந்த குழந்தைக்குத் தொப்புளில் சீழ் பிடித்து அந்தப் பெரிய குழாயே அடைத்துப்போய், கல்லீரல் நன்றாக இருக்கும்போதே அழுத்தம் ஏறுவதும் உண்டு. வைரஸ் கிருமியாலும் வரும். கவனிக்காமல் விட்டால் மண்ணீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும், குடலில் சேர்கிற கழிவை வடிகட்ட ஆள் இல்லாமல் அது மூளைக்குப் போய்ப் புத்தி தடுமாறும். தினமும் ஒரு மாத்திரை, நாடித் துடிப்பை மட்டுப்படுத்தி அழுத்தத்தைக் குறைக்க. மாதம் ஒரு தடவை குழாய் விட்டு மிச்சப் புடைப்புகளையும் கட்டவேண்டும். உப்பு அறவே குறையவேண்டும். மகள் தன் கல்லீரலில் ஒரு துண்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் இதயம் இருக்கிற இருப்புக்கு அவ்வளவு பெரிய அறுவைச் சிகிச்சை தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவருக்கு வந்தது வைரஸால். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி வைரஸ் என்று வந்திருந்தது. ரத்தம் வழியாகத் தொற்றி, முப்பது நாற்பது வருஷம் சத்தம் போடாமல் உட்கார்ந்து தின்கிற கிருமி. ஊசி வேலைதானே பார்த்தீர்கள், எத்தனை தடவை கையில் குத்திக்கொண்டிருப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். அதையெல்லாம் யார் எண்ணினார்கள்!

அன்று மத்தியானம் சிரிப்பு அடங்கி, அவர் பழைய கிளினிக்கை நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டே அறை. முன்னறையில் நீளப் பெஞ்சு, உள்ளறைக்கு அரைத் திரை. கதவைத் திறந்தாலே ஸ்பிரிட் வாசனை வந்து முகத்தில் அடிக்கும். பெரிய டாக்டர் எந்த வியாதிக்கும் முதலில் சிவப்பு மிக்சர் எழுதுவார். அதைக் கலக்குவதும், பாட்டில் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டுவதும் கம்பவுண்டர் வேலை. மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் மூடி போட்ட எவர்சில்வர் தட்டு எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்குள் கண்ணாடி சிரிஞ்சுகள், ஊசிகள். ஒவ்வொரு குழாய்க்கும் அதற்கேற்ற தண்டு ஒன்றுதான் பொருந்தும், மாற்றிப் போட்டால் ஒழுகும். எது எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. அன்றைக்குக் காலையில் உட்கார்ந்து மழுங்கிய ஊசிகளை வழவழப்பான கல்லில் தீட்டுவார். தீட்டிய முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். பஞ்சு இழை மாட்டினால் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு விடமாட்டார். தன் கட்டைவிரலில் லேசாகக் குத்தியும் பார்ப்பார். தனக்கு வலித்தால் ஊருக்கும் வலிக்கும் என்பது அவர் கட்சி.

அந்தக் கைக்கு அப்படி ஒரு பெயர். கம்பவுண்டர் போட்டால் போட்டதே தெரியாது என்பார்கள். பெரிய டாக்டரே ஊசியை எடுத்தாலும், "கம்பவுண்டர் இல்லீங்களா?" என்று இழுப்பார்கள். அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. ஊசி போடும்முன் ஏதாவது கேள்வி கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டாய், உன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கும், இப்படி. ஆள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். அவர் கேள்விக்கு ஊசிக்கு முன்னாடியே பதில் சொன்ன ஒரே ஆள், அப்பாவோடு காய்ச்சலுக்கு வந்த ஒரு பெண். அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். இன்றுவரைக்கும் அந்த வீட்டில் பதில்தான் முதலில் வருகிறது, கேள்வி பிறகுதான்.

இதையெல்லாம் நினைத்து நெஞ்சு இளகிப் படுத்திருந்த மனுஷருக்கு, அந்தக் காய்ச்சல் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அது. மழைக்காலம் முழுக்க ஊரையே காய்ச்சல் புரட்டி எடுத்தது. கிளினிக் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. ஆறு சிரிஞ்சில் நாலு உடைந்துபோய், எழுதிப்போட்ட புதிய சிரிஞ்சுகள் வந்துசேரவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஊரெங்கும் தட்டுப்பாடு. காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்கு மேல் ஒருமுறை கொதிக்க வைத்தால் உண்டு. பெரிய டாக்டர் சொன்னார், உடம்புக்குள் போவது ஊசிதானே, ஊசியை மாற்றினால் போதும், சிரிஞ்சு அப்படியே இருக்கட்டும். ஊசிகள் நிறைய இருந்தன. கம்பவுண்டரும் ஒவ்வொருவருக்கும் கொதித்த புது ஊசி மாட்டினார். அதில் அவருக்குப் பெருமைகூட. எத்தனை கிளினிக்கில் ஊசியைக்கூட மாற்றுவதில்லை தெரியுமா என்று வீட்டில் வந்து சொல்வார்.

ஆனால் ஊசி உள்ளே போனதும் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்பார். ரத்தக்குழாயில் பட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள அப்படி இழுத்தே ஆகவேண்டும், அதுதான் முறை. இழுக்கும்போது சில பேருக்கு நூலிழை ரத்தம் கண்ணாடிக்குள் ஏறிவரும். அவர் கண்ணால் பார்த்தது. ஆயிரம் தடவை பார்த்தது. அந்த நூலிழை அடுத்தவர் உடம்புக்குள் போயிருக்கும் என்பது அவருக்கோ பெரிய டாக்டருக்கோ அன்றைக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் தோன்றியது.

கல்லீரல் டாக்டரிடம் அப்படியே சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அதுதான் நடந்தது, உங்களைக் குறை சொல்ல முடியாது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இப்போது கண்டுபிடிக்கவும் முடியாது. சரி, அன்று ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பரிசோதனை செய்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியுமா என்று கம்பவுண்டர் கேட்டார். தெரியும். தெரிந்தால் வைத்தியம் உண்டா? இப்போது உண்டு, பன்னிரண்டு வாரம் மாத்திரை, கிருமி போய்விடும், தழும்பு ஏறுவதற்குமுன் பிடித்துவிட்டால் ஆளே தப்பித்துவிடலாம் என்றார். டாக்டர் நல்லதென்று நினைத்துச் சொன்னது கம்பவுண்டருக்கு நெருப்பை அள்ளிக் கொட்டிய மாதிரி ஆயிற்று. வைத்தியமே இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இனி எப்படி இருப்பது?

வீட்டுக்கு வந்து, ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தேடிப்போய்ச் சொல்லப்போகிறேன் என்றதும் மனைவியும் மகளும் சேர்ந்துகொண்டு எதிர்த்தார்கள். எல்லாரும் உங்கள்மேல் பழியைப் போடுவார்கள், சட்டையைப் பிடித்து உலுக்குவார்கள், இந்த உடம்போடு தெருத்தெருவாக அலையவேண்டுமா என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள். மகள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள்.

"யாராவது வந்து உங்களைக் கேட்டாங்களாப்பா? நீங்களா ஏன் போய் மாட்டிக்கறீங்க?"

"கேக்க மாட்டாங்கம்மா. அவங்களுக்குத் தெரியாதே. எனக்கு மட்டும்தானே தெரியும்."



எத்தனையோ பேர் இறந்துபோயிருப்பார்கள், வீடு மாறிப் போயிருப்பார்கள். யாரிடமிருந்து தொடங்குவது? அங்கேதான் மனுஷர் மூளை வேலை செய்தது. கொதித்த சிரிஞ்சு வரிசையில் முதலில் நின்றவருக்கு. அவருக்குப் பயமில்லை. இரண்டாவது ஆளுக்கு ஒருவருடையது போயிருக்கும், மூன்றாவது ஆளுக்கு இருவருடையது. ஆகவே அடுத்த கொதிக்கு முன்னால், வரிசைக் கடைசியில் நின்றவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகையால் கடைசியிலிருந்து தேடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையை நினைத்துப் பார்த்தார். முகங்கள் ஒன்றொன்றாக வந்தன. கடையைத் திறந்து வைத்துவிட்டு வருகிற சைக்கிள் கடைக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற டீச்சர். தபால் பையைத் தோளில் மாட்டியபடியே, கொடுக்கவேண்டிய கடிதமெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, எல்லாருக்கும் கடைசியாக வந்து நிற்கிற தபால்காரர். பத்து நாள் தொடர்ந்து வந்தார் அவர். உங்களை முன்னாடி விடட்டுமா என்று கேட்டால், பரவாயில்லை, நான் பொறுமையானவன் என்று சிரிப்பார்.

டீச்சர் வெளியூரில் மகனோடு இருந்தார். கம்பவுண்டர் போனில் விஷயத்தைச் சொன்னதும் பரிசோதனை செய்துகொண்டார், ஒன்றுமில்லை. கம்பவுண்டருக்கு அன்று ஒருவாய்ச் சோறு கூடுதலாக இறங்கியது. உப்பில்லாத சோறுதான். இதைச் சாப்பிடுவதற்குப் பஞ்சை மெல்லலாம் என்று வேளாவேளைக்கு முணுமுணுத்தார், பிறகு தட்டைக் காலி செய்தார்.

சைக்கிள் கடைக்காரர் கதை வேறு. முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மனைவியின் தொந்தரவு தாங்காமல் போய்ப் பரிசோதித்தார். இருந்தது. கல்லீரலில் தழும்பு இப்போதுதான் தொடங்கியிருந்தது. கம்பவுண்டர் தகவல் கேட்டுக் கடைக்குப் போனபோது கடைக்காரர் காற்றடிக்கிற பம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நாப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்யா, நீ போட்டா வலிக்கவே வலிக்காதுன்னு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். கம்பவுண்டர் கூனிக் குறுகி வீடு வந்தார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, கிருமி இல்லை என்று முடிவு வந்த அன்றைக்குச் சைக்கிள் கடைக்காரர் தானாக வீடு தேடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று கம்பவுண்டர் மனைவியிடம் சொன்னார்.

இதற்கிடையில் அவர் உடம்பு அவரைச் சும்மா விடவில்லை. வயிற்றில் நீர் கோர்த்து, சட்டைப் பொத்தான் மாட்ட முடியாமல் ஆகி, ஊசி குத்தி ஐந்து லிட்டர் எடுத்தார்கள். புத்தி தடுமாறாமல் இருக்க ஒரு இனிப்பு சிரப் கொடுத்திருந்தார்கள். அதைக் குடித்தால் தினமும் மூன்று தடவையாவது கக்கூஸுக்குப் போகவேண்டும். அப்படிப் போனால்தான் குடல் கழிவு மூளைக்கு ஏறாது. நம்மவருக்கோ தெருத்தெருவாகப் போகிற வேலை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, உங்களுக்கு நான் வியாதி கொடுத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் கக்கூஸ் எங்கே என்று எப்படிக் கேட்பது? அதனால் வெளியே போகிற நாளில் சிரப்பைக் குடிப்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு என்று உபதேசம் செய்த மகானுபாவர்!

அப்படித் தொடர்ந்து சிரப்பைத் தவிர்த்த நாலாவது நாள் தடுமாற்றம் ஆரம்பித்தது. பகலில் தூங்கி வழிந்தார். கையை நீட்டினால் விரல்கள் படபடவென்று தாமாக அடித்துக்கொண்டன. பேச்சு குழறியது. வாயிலிருந்து ஏதோ பழுத்து அழுகின மாதிரி ஒரு தித்திப்பு வாடை வருகிறது என்று மகள் சொன்னாள். பல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்துக் கடைத்தெருவிலிருந்து போன் வந்தது. பழைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கம்பவுண்டர் அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களை வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் போய்ச் சேர்ந்தபோது, போனுக்குக் கவர் வாங்க வந்த ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறார், இவர் அவர் முழங்கைக்குமேல் தடவிப் பார்த்துக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கிறார். கடைக்காரப் பையன்கள் சிரிக்கவில்லை. ஏதோ பாவம் என்று புரிந்து ஒதுங்கி நின்றார்கள். மகளைப் பார்த்ததும், ஸ்டவ்ல தண்ணி கொதிச்சாச்சான்னு பாரும்மா என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குடலைக் கழுவித் தெளிய வைத்தார்கள். கல்லீரலுக்குள்ளேயே ஒரு குறுக்குவழி போட்டு அழுத்தத்தை இறக்குகிற சிகிச்சை ஒன்று உண்டு, கழுத்து வழியாகப் போய்ச் செய்வது, ஆனால் அதைச் செய்தால் இந்தப் புத்தித் தடுமாற்றம் கூடும், இனி உங்களுக்கு அது ஆகாது என்றார் டாக்டர். சிரப்பை நிறுத்திய விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து மகளே அவரைத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். போகிற வீட்டில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அப்பாவுக்குக் கக்கூஸ் போகணும்னா எங்கேங்க என்று கேட்டு வைத்துக்கொள்வாள்.

மிச்சம் இருந்தது தபால்காரர். வீடு மாறி, ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டதாகத் தபால் ஆபீசில் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை போனார்கள். சின்ன வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி. அதற்கப்பால் உள்ளே இரண்டு அறை. தபால்காரரின் மனைவி கம்பவுண்டரை அடையாளம் கண்டுகொண்டார். வாங்க அண்ணே என்று இருவரையும் கட்டிலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் எங்கே என்று கம்பவுண்டர் கேட்டார். போய் நாலு வருஷம் ஆகிறது என்றார்.

எப்படிப் போனார் என்று அந்த அம்மாளே சொன்னார். சொல்லும்போது குரலில் துக்கத்தைவிடக் கசப்புதான் இருந்தது.

ரிட்டயராகிற வரைக்கும் நல்ல மனுஷராகத்தான் இருந்தார். அதற்கப்புறம்தான் குடிக்க ஆரம்பித்தார். கண்ணால் பார்க்கவில்லை, எங்கே போய்க் குடிக்கிறார் என்றும் தெரியவில்லை, ஆனால் கண்டுபிடிக்க முடியாதா? பகலெல்லாம் தூங்கினார். பேச்சு குழறியது. டம்ளரைக் கொடுத்தால் கை நடுங்கிக் கொட்டினார். முப்பது வருஷம் கடிதம் கொடுத்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார், யாரோ கூட்டிவந்து விட்டார்கள். மானம் போயிற்று. கிட்டப் போனால் வாயில் ஒரு தித்திப்பு வாடை. கேட்டால் இல்லவே இல்லை என்று சாதித்தார். கடைசியில் அந்த அம்மாளே அவருக்கு இந்த முன்னறையில் கட்டிலைப் போட்டுத் தள்ளி வைத்துவிட்டார். மகனிடமும் போனில் சொன்னார். அவன் அப்பாவோடு பேசுவதையே விட்டுவிட்டான். ஒரு நாள் காலையில் தபால்காரர் ரத்தமாக வாந்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரும், குடிப்பாரா, இது குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே என்றுதான் கேட்டார். ஆமாம் என்று அந்த அம்மாள்தான் தலையாட்டினார். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

"போற அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் தொட்டதே இல்லடின்னாரு. சாகும்போதாவது உண்மையைச் சொல்லக்கூடாதான்னு கேட்டேன் அண்ணே. அதுதான் நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது."

கம்பவுண்டர் மகளைப் பார்த்தார். தித்திப்பு வாடை என்ற வார்த்தை வந்தபோதே அவள் நிமிர்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அந்த நிமிஷம் கம்பவுண்டர் எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தார். பரிசோதனை செய்ய ஆள் இல்லை. வைத்தியம் செய்ய ஆள் இல்லை. இனி சொல்லி யாருக்கு என்ன? பாதியைச் சொல்லி, அது ஒரு வியாதி என்று மட்டும் சொல்லித் தன் ஊசியை மறைத்துவிடலாமா என்றும் மனசு ஒரு கணக்குப் போட்டது. தபால்காரர் பொறுமையானவர், எல்லாருக்கும் வழி விட்டுக் கடைசியில் நின்றவர். கம்பவுண்டர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, அவர் குடிக்கலை," என்றார்.

பிறகு முழுக்கச் சொன்னார். காய்ச்சல் வருஷம், இரண்டே சிரிஞ்சு, மாற்றிய ஊசி, மாற்றாத குழாய், பத்து நாள் கடைசியில் நின்ற தபால்காரர். தனக்கும் இதே கை நடுக்கம், இதே குழறல், இதே வாடை வந்ததையும், வழி தெரியாமல் போய்ச் செல்போன் கடையில் உட்கார்ந்ததையும் சொன்னார். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். நீங்களும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும் என்றார். என்னால்தான் என்று சொல்லிவிட்டு, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாள் திட்டவில்லை. ஊசியைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறியதா என்றே தெரியவில்லை.

"உங்க ஊசியோ எவன் ஊசியோ, அதை விடுங்க. குடிக்கலையா? அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

"குடிக்கலைம்மா. வியாதி அது. அவர் சொன்னது நிஜம்."

அந்த அம்மாள் போனை எடுத்து மகன் எண்ணை அழுத்தி, அது அடிக்கும்போதே கம்பவுண்டர் கையில் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டான். குடிச்சாருன்னு அவனுக்குச் சொன்னதே நான்தானே. கொஞ்சம் எந்திரிங்க."

ஏன் எழுந்திருக்கச் சொல்கிறார் என்று புரியாமலே அப்பாவும் மகளும் எழுந்தார்கள். கம்பவுண்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். அந்தப் பக்கம், சொல்லும்மா என்று ஒரு ஆண் குரல் கேட்டது. தான் யார் என்று சொன்னார். அவசர அவசரமாக, ஆனால் எதையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் மகன்.

"தெரியும்ப்பா. இப்பதான் சொன்னேன்."

"என்ன பண்றாங்க? அழறாங்களா?"

கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். கட்டில் மேலிருந்த விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அந்த அம்மாள் தனியாளாகக் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கியிருந்தார். இரும்புக் கால்கள் தரையில் கீறிக்கொண்டு வந்தன.

"இல்லப்பா. உங்கப்பா கட்டிலை உள்ள எடுத்துட்டுப் போறாங்க."

மகள் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள்.